தறி வீட்டு மிளகாய்ச் செடி

தறி திடீரென்று நின்றது.

நான் சமையல்கட்டில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் நின்றால், என் வீட்டுக்காரருக்கு டீ வேண்டும் என்று அர்த்தம். இல்லையென்றால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். டீ குடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

“ஏய், இங்க வாயேன்.”

புளிக்கையோடு போனேன். ஏகாம்பரம் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே பாவு நீண்டிருந்தது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்குத்தான் பாவு என்று பெயர். தை மாத முகூர்த்தத்துக்கு நெய்ய வேண்டிய அரக்கு நிறக் கூறைப்புடவை அது.

“பிசுபிசுன்னு இருக்குது பாரு. இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு வருது. மிதிச்சா பாவு தொறக்கவே மாட்டேங்குது.”

புளி இல்லாத கையால் தொட்டுப் பார்த்தேன். ஜன்னல் பக்கமாக ஒரு முழ அகலத்துக்கு, பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தது மாதிரி பாவு மினுங்கியது. அதன்மேல் சிற்றெறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தறிக்கு வெளியே இருந்து ஏறி, பட்டின்மேல் நடந்து, அந்தப் பக்கம் இறங்கின.

“கஞ்சிதான்,” என்றார் ஏகாம்பரம். “எறும்பு வேற எதுக்கு வரும்? சாமுவேலு கஞ்சியில என்னமோ கலந்துட்டான்.”

நானும் தலையாட்டினேன். “அப்படித்தான் இருக்கும்” என்று வாயாலும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஆட்டுக்குப் பயந்து

சில வாரங்களுக்கு முன் எங்கள் தெருவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “உங்கள் தெருவில் செடிகொடி ஒன்றுமே கிடையாதா?” என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். இருந்தது அம்மா. வீட்டுக்குள் இருந்தது.

வெளியில் வைத்தால் ஆடு விடாது. எங்கள் தெருவில் ஆடுகளுக்கு இருந்த சுதந்திரம் மருமகள்களுக்குக் கிடையாது. எந்த வீட்டு வாசலிலும் ஏறும், எதையும் தின்னும், யாரும் கேட்க மாட்டார்கள்.

காய்ந்த மிளகாயைக் கிள்ளிய காம்பையும் விதையையும் நான் துணி துவைக்கிற கல்லோரம் கொட்டுவது வழக்கம். ஒரு மழைக்குப் பிறகு அதில் நாலு நாற்று எழும்பியிருந்தது. மூன்றை ஆடு தின்றுவிட்டது. நாலாவதைப் பிடுங்கி ஒரு பெயின்ட் வாளியில் வைத்து உள்ளே கொண்டுவந்துவிட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் எப்போதோ நடந்தது. தெருவுக்குக் கேபிள் டிவி வந்த புதிது.

உள்ளே என்றால் எங்கே? எங்கள் வீட்டில் வெளிச்சம் உள்ள ஒரே இடம் தறி இருக்கும் இடம். நெய்கிறவருக்கு இழை தெரிய வேண்டும் என்பதற்காக இருந்த ஒரே நல்ல ஜன்னலும் அங்கேதான். வாளியை ஜன்னல் படியில் வைத்தேன். அன்று சாயங்காலமே ஏகாம்பரம் கத்தினார்.

“வெளிச்சத்த மறைக்குது! உனக்கு மிளகா வேணும்னா மார்க்கெட்டுக்குப் போ!”

நானா விடுவேன்? ஒரு பலகையை எடுத்து, ஒரு முனையை ஜன்னலுக்கு மேலே இருந்த மாடத்தில் செருகி, மறு முனையைத் தறியின் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டினேன். அதன்மேல் வாளியை ஏற்றினேன். ஜன்னலின் மேல் பாதி வெளிச்சம் செடிக்கு, கீழ்ப் பாதி அவருக்கு. பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது.

“வீட்டுக்குள்ள மிளகா வெச்சா சண்டை வரும்மா,” என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா. செடி வருவதற்கு முன்னாலிருந்தே எங்கள் வீட்டில் சண்டை இருந்தது அவளுக்கும் தெரியும். ஒரே சுவர்தானே நடுவில்.

கோபத்தில் வெட்டியது

மிளகாய்க்கு ஆயுசு ஆறு மாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். விதைக் கடைக்காரர் சொன்னார். மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மா சொன்னார். பொங்கலுக்குப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது நாற்று வை என்று கன்னியம்மா சொன்னாள்.

முதல் வருடம் நன்றாகக் காய்த்தது. அடுத்த கோடை வந்ததும் இலை சுருண்டு உதிர ஆரம்பித்தது. சருகு பாவின்மேல் விழுந்தது. பட்டின்மேல் ஒரு தலைமுடி விழுந்தாலே என் வீட்டுக்காரருக்கு உயிர் போகும். சருகு விழுந்தால் கேட்க வேண்டுமா?

“இத எடுக்கிறியா, இல்ல நான் தெருவுல வீசட்டுமா?”

எனக்கு வந்த கோபத்தில் வாளியை இறக்கி, காய் நறுக்குகிற கத்தியால் ஒரு சாண் விட்டு மிச்சத்தை வெட்டி எறிந்தேன். “இப்ப சந்தோசமா?” என்று கேட்டுவிட்டு, மொட்டைக் குச்சியோடு வாளியைச் சமையல்கட்டு மூலையில் தள்ளினேன். இரண்டு நாள் அவரோடு பேசவும் இல்லை.

ஆனால் அரிசி களைந்த தண்ணீரை அந்த மூலையில் ஊற்றுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. பழக்கம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால், மொட்டைக் குச்சியில் கணுவுக்குக் கணு பச்சையாக முளை விட்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தம் போடாமல் வாளியைத் தூக்கிப் பழையபடி பலகைமேல் வைத்தேன். அவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்து நெய்தார்.

அதிலிருந்து வருடா வருடம் கோடை தொடங்கும்போது நானே வெட்டிவிடுவேன், கோபம் இல்லாமல். ஆறாவது வருடத்தில் அடித்தண்டு என் கட்டைவிரலைவிடப் பருமனாகி, பட்டை கட்டி, குட்டி மரமாகவே ஆகிவிட்டது. வாளியை மட்டும் இரண்டு முறை மாற்றினேன்.

தறி ஓடினால் காய்க்கும்

இன்னொரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டுக்குள் தேனீ வராது, காற்றும் கிடையாது. பூ பூக்கும், பூத்த இடத்திலேயே உதிரும். ஆனால் சில மாதம் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

ஒரு ஆடி மாதம் பாவு கிடைக்காமல் தறி இருபது நாள் சும்மா கிடந்தது. அந்த இருபது நாளும் ஒரு பூகூட நிற்கவில்லை. புதுப் பாவு ஏற்றித் தறி ஓட ஆரம்பித்த வாரமே பிஞ்சு பிடித்தது. அப்போதுதான் விளங்கியது. பலகையின் ஒரு முனை தறிக் கம்பத்தில் அல்லவா கட்டியிருக்கிறது? அவர் ஒவ்வொரு தடவை ஊடையை, அதாவது குறுக்கு இழையை, அடிக்கும்போதும் கம்பம் அதிரும், பலகை அதிரும், பூ குலுங்கும். தேனீ செய்ய வேண்டிய வேலையை என் வீட்டுக்காரர் செய்துகொண்டிருந்தார்.

அதை அவரிடம் சொன்னதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் உள்ளே கூப்பிட்டுச் செடியைக் காட்ட ஆரம்பித்தார். “ஆறு வருசமா இருக்குது. நான் நெய்ஞ்சாதான் காய்க்கும்” என்பார். தெருவில் எனக்கு மிளகாக்காரம்மா என்று பெயரே வந்துவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சாமுவேல் அண்ணன்

பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். கஞ்சி ஏறினால்தான் இழை முறுக்காக நிற்கும், நெய்யும்போது அறாது. எங்கள் தெருவில் அந்த வேலைக்குச் சாமுவேல் அண்ணன் வருவார். நெசவுக் குடும்பம் இல்லை. அவர் அப்பா தென்னேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். இவர் சின்ன வயதில் காஞ்சிபுரத்துக்கு வந்து, பாவுக்குக் கஞ்சி போடக் கற்றுக்கொண்டு, செவிலிமேட்டில் வீடு பிடித்துக் குடும்பத்தோடு இருந்தார்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் சைக்கிளில் வந்துவிடுவார். கஞ்சியை அவரே காய்ச்சுவார், வேறு யாரும் துடுப்பைத் தொடக் கூடாது. இரண்டு தடவை துணியில் வடிகட்டுவார். பிறகு கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு, கையைச் சாய்த்து, அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் மொத்தத்தையும் மறுபடி காய்ச்சுவார். “அவசரம்னா வேற ஆளைப் பாருபா” என்று பாவுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷனைத்தான் ஏகாம்பரம் அன்று வரவழைத்தார்.

சாமுவேல் அண்ணன் தறியோரம் குந்தி, பாவைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

“இது என் கஞ்சி இல்லபா,” என்றார்.

“அப்ப யார் கஞ்சி? மேலேர்ந்து உளுந்துதா?”

மேலிருந்துதான் விழுந்தது. ஆனால் எங்கள் மூவரில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கஞ்சி என்றால் பாவு முழுக்கத்தானே ஒட்ட வேண்டும், ஜன்னல் பக்கம் மட்டும் ஏன் ஒட்டுகிறது என்றும் யாரும் கேட்கவில்லை. பாவு ஒட்டினால் கஞ்சி. நெசவுக்காரர் தெருவில் வேறு காரணம் யாருக்கும் தோன்றாது.

“இருபது வருசமா இந்தத் தெருவுல கஞ்சி போடுறேன்,” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. “ஒரு நாள் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

“இப்ப நான் சொல்றேன்,” என்றார் என் வீட்டுக்காரர்.

முகூர்த்தப் புடவை கெட்டுவிடுமோ என்ற பயத்தில் பேசினார், அது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் பேசியதோடு நிற்கவில்லை. தெருமுனை டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். கஞ்சியில் மைதா கலக்கிறான் என்று ஒருவர் சேர்த்துக்கொண்டார். ஜவ்வரிசி என்று இன்னொருவர். ஒரு வாரத்துக்குள் தெருவில் யாரும் சாமுவேல் அண்ணனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் வந்து கஞ்சி போட்டார். நம் தெருக்காரனாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் நம்பியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

விரலில் இனிப்பு

சாமுவேல் அண்ணன் வந்துபோன அடுத்த நாளோ, அதற்கும் மறுநாளோ. மத்தியானம். புடவைக்காரர் வீட்டுக்குப் பதில் சொல்ல ஏகாம்பரம் சின்ன காஞ்சிபுரம் போயிருந்தார். குழம்புக்கு நாலு மிளகாய் பறிக்கலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். இலை கையில் ஒட்டியது.

இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கப் பச்சைப் பேன். மிளகாய் இலையின் நிறத்திலேயே இருந்ததால் கீழே நின்று பார்த்தால் தெரியாது. பனிக்காலத்தில் வரும் பூச்சி, அசுவினி என்று பெயர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குப் பேன்தான். அவற்றுக்கு நடுவில் எறும்புகள் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, விரலை நாக்கில் வைத்தேன். இனித்தது. மிளகாய்ச் செடியில் இனிப்பு.

ஸ்டூலில் நின்றபடியே கீழே பார்த்தேன். நேர் கீழே, ஒரு முழ அகலத்துக்கு, பாவு.

சந்தேகம் தீர வேண்டுமே. மறுநாள் காலை ஏகாம்பரம் குளிக்கப் போன நேரத்தில், ஒரு எவர்சில்வர் தட்டைத் துடைத்துப் பலகைக்கு நேராக ஜன்னல் படியில், அவர் கண்ணில் படாத ஓரத்தில் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பிசுபிசுப்பு. பாவில் பார்த்த அதே புள்ளி. தட்டைக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

கழுவும்போதே எனக்குத் தெரியும், நான் பாத்திரம் கழுவவில்லை என்று.

பதினோரு நாள்

பனிக்குச் சமையல்கட்டுச் சூட்டில் இருக்கட்டும் என்று சொல்லிச் செடியை உள்ளே கொண்டுபோய்விட்டேன். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒவ்வொரு இலையாக, இரண்டு பக்கமும் துடைத்தேன். அவர் வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் பாவை ஒற்றி ஒற்றிச் சுத்தம் செய்தார். நான்கு நாளில் பாவு சரியாகிவிட்டது. புடவை தப்பித்துவிட்டது.

ஏகாம்பரம் சந்தோஷமாகச் சொன்னார்: “பாத்தியா? கெட்ட கஞ்சி அந்த எடத்தோட போச்சு. இப்ப சும்மா வெண்ணெய் மாரி ஓடுது. நான் சொன்னது சரியாப் போச்சா இல்லியா?”

டீக்கடையிலும் போய் அதையே சொன்னார். அதாவது, நான் மறைத்தது அவருக்குச் சாட்சியாகிவிட்டது. நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும் சாமுவேல் அண்ணன்மேல் பழி இன்னும் கெட்டியானது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர் முகம் தெருவில் தொங்கிப்போகும் என்ற பயம் ஒரு பக்கம். செடியைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம். எல்லாவற்றையும்விட, மிளகாக்காரம்மா என்ற பேர். ஊரைக் கூட்டிக் காட்டிய செடி இதுதானா என்று கன்னியம்மா சிரிப்பாளே என்று நினைத்தேன். ஒரு மனுஷனுடைய பிழைப்புக்கு எதிரில் என் தராசில் கன்னியம்மா சிரிப்பு இவ்வளவு கனத்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பதினோராவது நாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு வீட்டுப் பாவு நீட்டியிருந்தது. பக்கத்துத் தெரு ஆள் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். சாமுவேல் அண்ணன் சைக்கிளில் வந்தார். பின்னால் கஞ்சிப் பாத்திரம் கட்டியிருந்தது. வேறெந்தத் தெருவுக்கோ வேலை கேட்டுப் போகிறார் போலிருக்கிறது. பாவு குறுக்கே இருந்ததால் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். கஞ்சியை ஒரு பார்வை பார்த்தார். அதைச் சரியாக வடிகட்டவில்லை, எனக்கே தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தள்ளிக்கொண்டு போனார். அங்கே நின்ற ஐந்தாறு பேரில் ஒருவர்கூட “இன்னாண்ணா” என்று கேட்கவில்லை.

கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏகாம்பரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கை இட்லியில் அப்படியே நின்றது. “வெளிய சொல்லாதே,” என்றார். “செடியத் தூக்கிப் போட்டுடு. நான் பக்குவமா அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கிறேன்.”

“செடியத் தூக்கிப் போட்டா நாம சொல்றத யாரு நம்புவாங்க?”

“யாருகிட்டயும் சொல்ல வேணாம்ன்றேன்!”

“டீக்கடையில யாரக் கேட்டு சொன்னீங்க?”

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

செடியோடு பஸ்ஸில்

எவ்வளவு துடைத்தும் ஒரு கிளையில் மறுபடியும் பேன் வந்திருந்தது. அதைத் துடைக்காமல் விட்டேன். வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் ஏறினேன். காலியாக இருந்த ஒரு சீட்டில் வாளியை வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

“இன்னாமா, செடிய ஒக்கார வெச்சிட்டு நீ நின்னுக்கினு வர்றே?” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை.

சாமுவேல் அண்ணன் அதற்குள் வீடு திரும்பியிருந்தார். வாசலில் கஞ்சிப் பாத்திரம் ஒரு சொட்டுக் கஞ்சி படாமல், கொண்டுபோனபடியே இருந்தது. அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாமுவேல் அண்ணன் அந்தக் கிளையைப் பிடித்து இலையைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவி முகர்ந்தார், அன்றைக்குப் பாவைத் தடவி முகர்ந்த மாதிரியே.

“இத எப்பமா பாத்தே?”

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

“பதினோரு நாளாச்சுண்ணா.”

அவர் இலையை விட்டுவிட்டார்.

“ஒன் வீட்டுக்காரரு தெரியாம சொன்னாரு. அது போவட்டும், கோவத்துல சொல்றதுதான். நீ தெரிஞ்சிக்கினு சும்மா இருந்தே.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் மனைவி என் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

“மன்னிச்சிடுங்கண்ணா.”

“எங்கிட்ட வந்து சொல்றியேமா. நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? தெருவுல சொன்னத தெருவுலதான் சொல்லணும்.”

அவ்வளவுதான் பேசினார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

தெருவில் சொன்னது

அன்று சாயங்காலம் ஏகாம்பரத்திடம் சொன்னேன்: “நாளைக்குக் காலைல பாவு நீட்டறப்ப எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க.”

மறுநாள் இரண்டு வீட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். நடுத்தெருவில் வாளியை வைத்தேன். கன்னியம்மா வாசலிலிருந்து, “இன்னாமா, செடிய வெயில் காட்ட வந்தியா?” என்று கேட்டாள்.

நான் ஆரம்பித்தேன். பேச்சு முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஏகாம்பரம் வந்து என் பக்கத்தில் நின்றார். குனிந்து அந்தக் கிளையை ஒடித்து, இலையைத் திருப்பி, எல்லோருக்கும் காட்டினார்.

“கஞ்சியில ஒண்ணும் இல்ல. இதுலேர்ந்துதான் பாவு மேல ஒழுகியிருக்குது. நான் மேல பாக்காம சாமுவேலச் சொல்லிட்டேன். தப்பு என்னுது.”

“எனக்குத் தெரிஞ்சும் பதினோரு நாள் சொல்லாம இருந்தேன்,” என்றேன் நான். அதையும் சொன்னால்தான் முழுதாகச் சொன்னதாகும். யாரும் சிரிக்கவில்லை. கன்னியம்மாகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. ஆளுக்காள் இலையை வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இனிக்குதுபா” என்றார்.

அடுத்த வாரமே இரண்டு பேர் செவிலிமேட்டுக்குப் போய்ச் சாமுவேல் அண்ணனைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் வந்தார். மறுபடி காலையில் சைக்கிள் மணி கேட்க ஆரம்பித்தது. அந்தத் தெருவில் இருந்த எல்லா வீட்டுப் பாவுக்கும் அவர்தான் கஞ்சி போட்டார்.

எங்கள் வீட்டைத் தவிர.

ஏகாம்பரம் இரண்டு முறை நேரில் போய்க் கேட்டார். “அடுத்த வாட்டி பாக்கலாம்பா” என்றார் சாமுவேல் அண்ணன். அடுத்த தடவையும் அதையே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் என்னிடமும் “நல்லா இருக்கியாமா?” என்று கேட்பார். எங்கள் வீட்டுப் படி மட்டும் ஏற மாட்டார்.

வேறு ஆளைக் கூப்பிட ஏகாம்பரத்துக்கும் மனம் வரவில்லை. தானே கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். நான் துணியைப் பிடிப்பேன், அவர் வடிகட்டுவார். எத்தனை வருடம் செய்தும் அந்தப் பதம் அவர் கைக்கு வரவே இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து இழையாவது அறும், தறி நிற்கும். அவர் என்னைக் கூப்பிட மாட்டார். நானே போய்க் குனிந்து, அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக முடிந்துவிட்டு வருவேன்.